அகாபே ஏணியும் பேதுருவின் துக்கமும்

எங்கள் பக்கத்துத் திருமண ஆராதனைகளில் பிரசங்கம் எந்தத் திசையில் போகும் என்று முதல் ஐந்து நிமிஷத்திலேயே சொல்லிவிடலாம். 1 கொரிந்தியர் 13 வாசித்தாகிவிட்டது, "அன்பு நீடிய சாந்தமும் தயவுமுள்ளது" எல்லாம் ஆயிற்று, குருவானவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு "கிரேக்க மொழியிலே அன்புக்கு நாலு வார்த்தை இருக்கு" என்று ஆரம்பிப்பார். ஈரோஸ் என்றால் உடல் சார்ந்த காதல், ஸ்டோர்கே என்றால் பெற்றவர் பிள்ளைப் பாசம், ஃபிலியா என்றால் நட்பு. இந்த மூன்றும் மனுஷருடையவை, குறையுள்ளவை. நாலாவதாக உச்சியில் இருக்கிற அகாபே மட்டும்தான் தேவனுடைய நிபந்தனையில்லாத அன்பு. மாப்பிள்ளையும் பெண்ணும் ஈரோஸில் ஆரம்பித்து இந்த ஏணியில் ஏறி ஏறி அகாபேக்குப் போய்ச் சேர வேண்டும். ஆமென். அப்புறம் பிரியாணி.

பிரியாணியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஏணியைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. அந்த நாலில் ஈரோஸ் என்ற சொல் புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு இடத்தில்கூட இல்லை. ஸ்டோர்கே என்ற பெயர்ச்சொல்லும் இல்லை. அதன் எதிர்மறையான அஸ்டோர்கோஸ் மட்டும் ரோமர் 1:31-லும் 2 தீமோத்தேயு 3:3-லும் பொல்லாதவர்களின் பட்டியலுக்குள் வருகிறது, நம் பழைய மொழிபெயர்ப்பில் "சுபாவ அன்பில்லாதவர்கள்" என்று படித்திருப்பீர்கள். ஃபிலியா? ஒரே ஒரு தடவை, யாக்கோபு 4:4-ல், அதுவும் "உலக சிநேகம் தேவனுக்கு விரோதமான பகை" என்று திட்டுகிற இடத்தில். ஆக நாலு படி ஏணியில் ஒரு படி இல்லவே இல்லை, ஒன்று தலைகீழாகக் கிடக்கிறது, இன்னொன்று ஒற்றை வசனத்தில் தொங்குகிறது. நிஜமாகவே புதிய ஏற்பாடு முழுக்க நடமாடுகிறவை அகாபேயும் அதன் வினைச்சொல்லான அகபாவோவும், பிறகு 25 இடங்களில் வருகிற ஃபிலேயோ என்ற வினைச்சொல்லும், அந்த ஃபில் என்ற வேரிலிருந்து கிளைத்த ஒரு பெரிய குடும்பமும்தான். அந்தக் குடும்பத்தைப் பற்றிப் பிரசங்கத்தில் மூச்சே விடுவதில்லை, அதற்குப் பிறகு வருகிறேன்.

நாலு அன்பு என்கிற இந்த வரிசை பிரபலமானது சி.எஸ். லூயிஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் 1960-ல் எழுதிய புத்தகத்தால். அவருக்கு முன்னால் 1930-களில் சுவீடனைச் சேர்ந்த லுத்தரன் இறையியலாளர் ஆண்டர்ஸ் நீக்ரென், ஈரோஸையும் அகாபேயையும் நேர் எதிரிகளாக நிறுத்தியிருந்தார்: ஈரோஸ் என்பது மேலே ஏறிப்போகத் துடிக்கிற, தனக்காகத் தேடுகிற மனித ஆசை, அகாபே என்பது எதையும் எதிர்பாராமல் கீழே இறங்கி வருகிற தேவ அன்பு. கருத்தாகப் பார்த்தால் பலமான கருத்துதான். ஆனால் அவர் சொன்ன இறையியலை யாரோ சொல்லகராதிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். லூயிஸைப் பொறுத்தவரை ஒன்று சொல்லியாக வேண்டும், அவர் நட்பை உயர்த்திப் பேசியவர், இந்தக் கால உலகம் நட்பை ஒரு அன்பாகவே மதிப்பதில்லை என்று வருத்தப்பட்டவர். புத்தகத்திலிருந்து பிரசங்க பீடத்துக்கு வருகிற வழியில் அந்தப் பகுதி எங்கோ உதிர்ந்துவிட்டது. இப்போது வாட்ஸ்அப்பில் நாலு வளர்ந்து ஏழும் எட்டுமாகியிருக்கிறது, "பண்டைய கிரேக்கர்களின் எட்டு அன்புகள்" என்று ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கமாக வருகிறது. அதில் லூடுஸ், ப்ராக்மா, மேனியா என்று ஒரு வகைப்பாடு இருக்கும், கவனித்திருக்கலாம். காதலின் ரகங்களுக்கு அப்படிப் பெயர் சூட்டி 1973-ல் எழுதியவர் ஜான் ஆலன் லீ என்ற கனடா நாட்டுச் சமூகவியலாளர். லூடுஸ் கிரேக்கமே இல்லை, லத்தீன்.

சரி, அகாபே எப்படி இவ்வளவு பெரிய சொல்லாயிற்று?

அதற்கு எகிப்தின் அலெக்சாந்திரியாவுக்குப் போக வேண்டும். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அங்கே இருந்த யூதர்கள் மோசேயின் ஆகமங்களை எபிரெயத்திலிருந்து கிரேக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள், மற்ற புத்தகங்கள் பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. செப்துவஜிந்த் என்று சொல்கிறோமே, அதுதான். எபிரெயத்தில் அஹாப் என்று ஒரே வினைச்சொல் கடவுளை நேசிப்பதற்கும், மனைவியை நேசிப்பதற்கும், ருசியான கறியை விரும்புவதற்கும் ஓடியோடி உழைக்கும். (ஈசாக்குக்குப் பிரியமான அந்தக் கறி இருக்கிறதே, அதற்கும் இதே சொல்தான்.) அதற்கு இணையாக அந்த மொழிபெயர்ப்பாளர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது அகபாவோவை. அது அவர்கள் கண்டுபிடித்த புனிதச் சொல் ஒன்றும் இல்லை, ஹோமர் காலத்திலிருந்து வழக்கில் இருந்த வினை. அவர்கள் காலத்தில் அது அன்றாடப் பேச்சில் மேலே வந்துகொண்டிருந்ததற்கு ஒரு காரணமும் சொல்கிறார்கள்: ஃபிலேயோவுக்கு "முத்தமிடு" என்ற பொருளும் ஏறிக்கொண்டுவிட்டதாம், அதனால் பொதுவாக "நேசி" என்று சொல்ல இன்னொரு வினை தேவைப்பட்டதாம். ரொபேர் ஜோலி என்ற ஆய்வாளர் 1968-ல் இதை விரிவாக எழுதியிருக்கிறார். முத்தம் என்கிற பொருளை நாம் சுவிசேஷத்திலேயே பார்க்கலாம். யூதாஸ் "நான் எவனை முத்தஞ்செய்வேனோ அவன்தான்" என்று அடையாளம் சொல்லிக்கொடுக்கிறானே, மத்தேயு 26:48, அங்கே இருப்பது ஃபிலேயோ.

"உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் அன்புகூருவாயாக", உபாகமம் 6:5. "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக", லேவியராகமம் 19:18. இந்த இரண்டு கட்டளைகளிலும் செப்துவஜிந்தில் அகபாவோ வந்து உட்கார்ந்துகொண்டது. இயேசு நியாயப்பிரமாணம் முழுவதையும் இந்த இரண்டுக்குள் அடக்கிவிட்டார், பவுலும் யோவானும் கிரேக்கத்தில் எழுதினார்கள், அவர்கள் காதில் சின்ன வயதிலிருந்து ஒலித்த வேதச் சொல் இதுதான். புதிய ஏற்பாட்டில் அகாபே இத்தனை இடத்தில் வருவதற்கு இதைவிடப் பெரிய ரகசியம் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே செப்துவஜிந்தில் 2 சாமுவேல் 13-ஐத் திறந்து பாருங்கள். தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரை வஞ்சகமாக வரவழைத்துப் பலாத்காரம் செய்கிற அதிகாரம், திருமணத்தில் யாரும் வாசிக்காத அதிகாரம். அவள்மேல் அவனுக்கு வந்த மோகத்தை முதல் வசனத்தில் சொல்வதற்கும் அகபாவோதான். பிறகு 15-ஆம் வசனத்தில், அவளை விரும்பின விருப்பத்தைவிட வெறுத்த வெறுப்பு அதிகமாயிருந்தது என்று வருகிற இடத்தில், அந்த விருப்பத்துக்குக் கிரேக்கத்தில் இருக்கிற பெயர்ச்சொல் சாட்சாத் அகாபே. சோரேக் ஆற்றங்கரையில் சிம்சோன் தெலீலாள்மேல் வைத்த ஆசைக்கும் இதே வினைதான். இன்னொரு பக்கம் நீதிமொழிகள் 7:18-ல் விலைமாதுபோல் உடுத்திய பரஸ்திரீ வாலிபனை அழைக்கிற வார்த்தைகளைப் பாருங்கள், "விடியும்வரை ஃபிலியாவை அனுபவிப்போம் வா, ஈரோஸில் புரளுவோம் வா" என்பது மாதிரி கிரேக்கத்தில் இருக்கிறது. நட்பாம்! அகாபே பலாத்காரக்காரனிடம், ஃபிலியா பரஸ்திரீயிடம். ஏணி எங்கே நிற்கும்?

இது பழைய ஏற்பாட்டுக் கதை, புதிய ஏற்பாட்டில் சொல் சுத்திகரிக்கப்பட்டுவிட்டது என்று சிலர் சொல்வார்கள். சுத்திகரிக்கப்படவில்லை. யோவான் 3:16-ல் தேவன் உலகத்தில் அன்புகூர்ந்தார் என்பதற்கு அகபாவோ. மூன்றே வசனம் தள்ளி, 3:19-ல், மனுஷர் ஒளியைப்பார்க்கிலும் இருளை விரும்பினார்கள் என்பதற்கும் அதே அகபாவோ. பரிசேயர் ஜெப ஆலயத்தில் முதன்மையான ஆசனங்களை விரும்புவதற்கு லூக்கா 11:43-ல் அகபாவோ, அதே விஷயத்துக்கு மத்தேயு 23:6-ல் ஃபிலேயோ. பவுலைக் கைவிட்டுப்போன தேமாவுக்கு இந்தப் பிரபஞ்சத்தின்மேல் இருந்தது என்ன? அதுவும் அகபாவோதான், 2 தீமோத்தேயு 4:10. நம்மவர்கள் இடத்தைப் பார்த்து "ஆசைவைத்து" என்று சரியாக எழுதிவிட்டார்கள். மறுபக்கம், பிதா குமாரனை நேசிப்பதற்கு யோவான் 3:35-ல் அகபாவோ, 5:20-ல் ஃபிலேயோ. பிதாவுக்கும் குமாரனுக்கும் நடுவில் இருக்கிற அன்பு ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டாந்தரமாக இறங்கிவிட்டது என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள் என்று நம்புகிறேன். இயேசுவுக்கு அன்பான சீஷன் என்று வருகிறதே, 13-ஆம் அதிகாரத்தில் அகபாவோ, 20:2-ல் ஃபிலேயோ, ஆள் ஒரே ஆள். லாசருவின் வீட்டுக் கதையில் சகோதரிகள் சொல்லியனுப்புகிற செய்தியில் ஃபிலேயோ, கதை சொல்கிறவர் சொல்லும்போது அகபாவோ, கல்லறைக்குப் பக்கத்தில் இயேசு கண்ணீர் விடுகிறதைப் பார்த்து யூதர்கள் "இதோ, இவர் இவனை எவ்வளவாய்ச் சிநேகித்தார்" என்கிறபோது மறுபடி ஃபிலேயோ.

இப்போது யோவான் 21. ஏணிக்காரர்களின் கோட்டையே இந்த அதிகாரம்தான்.

கதை தெரியும். உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் நிற்கிறார், வலையில் 153 மீன், கரையில் காலைச் சாப்பாடு தயாராக இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் பேதுருவிடம் மூன்று தடவை கேட்கிறார். முதல் இரண்டு தடவை அகபாவோ வைத்துக் கேட்கிறார், பேதுரு ஃபிலேயோ வைத்துப் பதில் சொல்கிறான், மூன்றாம் தடவை இயேசுவும் ஃபிலேயோவுக்கு வந்துவிடுகிறார், பேதுரு துக்கப்படுகிறான். நம் பழைய மொழிபெயர்ப்பு இதை அப்படியே காப்பாற்றியிருக்கிறது, இரண்டு தடவை "என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா", பிறகு "என்னை நேசிக்கிறாயா". பேதுருவின் வாயில் மூன்று தடவையும் "நேசிக்கிறேன்". எனவே பிரசங்கம் தானாக எழுதிக்கொள்கிறது: இயேசு உயர்ந்த அன்பைக் கேட்டார், பேதுருவால் வெறும் நட்பைத்தான் கொடுக்க முடிந்தது, கடைசியில் இயேசு அவன் தரத்துக்கு இறங்கி வந்தார், அதனால்தான் அவனுக்கு வலித்தது.

கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வசனம் தன் காரணத்தைத் தானே சொல்லுகிறது: அவர் "மூன்றாந்தரம் தன்னைக் கேட்டபடியினாலே" பேதுரு துக்கப்பட்டான். மூன்றாந்தரம்! கதை சொல்கிறவருக்கு அது முதல் இரண்டு தடவை கேட்ட அதே கேள்வி, வேறு கேள்வி என்று அவர் நினைத்திருந்தால் மூன்றாந்தரம் "நேசிக்கிறாயா" என்று கேட்டார் என எழுதியிருக்க முடியாது, ஏனென்றால் அந்த வினையை வைத்து அவர் கேட்டது அதுதான் முதல் தரம். பேதுருவுக்கு வலித்தது எண்ணிக்கை. இயேசுவைப் பிடித்துக்கொண்டுபோன ராத்திரியில் அவரைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்தவன் அவன். அதுவும் எங்கே நின்று மறுதலித்தான்? பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில், கரிநெருப்புப் போட்டுக் குளிர்காய்ந்துகொண்டிருந்தவர்கள் நடுவில், 18:18. இங்கே கரையிலும் கரிநெருப்பு, 21:9. அந்தக் கிரேக்கச் சொல் அந்த்ராகியா, புதிய ஏற்பாடு முழுக்க இந்த இரண்டு இடத்தில் மட்டும்தான் வருகிறது. யோவான் நம் கண்ணுக்கு முன்னால் வைத்த அடையாளம் இது, எத்தனையோ பிரசங்கங்களில் நாம் அதைத் தாண்டிக் குதித்து வினைச்சொல்லுக்குள் போய்விடுகிறோம்.

யோவான் இந்தச் சில வசனங்களுக்குள் சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது அன்புக்கு மட்டுமா? இல்லை. முதலில் ஆட்டுக்குட்டிகள், பிறகு ஆடுகள். மேய்ப்பதற்கு போஸ்கோ, பிறகு போய்மைனோ, பிறகு மறுபடியும் போஸ்கோ. "நீர் அறிவீர்" என்பதற்கும் ஓய்தா ஒன்று, கினோஸ்கோ ஒன்று. இந்த மாற்றங்களுக்கெல்லாம் ஏணி போட்டுப் பிரசங்கம் செய்ய யாரும் உட்காருவதில்லை. இன்னொன்று, இயேசுவும் பேதுருவும் மீன் சாப்பிட்டுவிட்டுப் பேசியது அநேகமாக அரமாயிக்கில். அதற்கு நெருங்கிய சீரியாக் மொழியில் இருக்கிற பெஷித்தா என்ற பழைய வேதாகம மொழிபெயர்ப்பில் மூன்று கேள்விக்கும் மூன்று பதிலுக்கும் ஒரே வினைதான்.

இது நவீன ஆய்வாளர்களின் குதர்க்கம் என்று யாராவது நினைத்தால், பழைய திருச்சபையின் பெரிய இறையியலாளர் அகஸ்டினைக் காட்டலாம். அவர் லத்தீன் வேதத்தை வாசித்தவர், அதில் முதல் இரண்டு கேள்விக்கு டிலிகிஸ், மூன்றாவதற்கு அமாஸ், இரண்டுமே "நேசிக்கிறாய்" என்பதற்கான லத்தீன் சொற்கள். 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேவனுடைய நகரம் என்கிற தன் பெரிய நூலின் 14-ஆம் புத்தகத்தில், இதே யோவான் 21-ஐ எடுத்துவைத்துக்கொண்டு, வேதம் இந்தச் சொற்களை வேறுபாடு இல்லாமல்தான் பயன்படுத்துகிறது, ஒன்று நல்ல அன்பு, மற்றது கெட்ட அன்பு என்று பிரிக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறார். ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முன்னால்!

வேறுபாடு உண்டு என்று சாதித்த பெரிய அறிஞர்களும் இருந்தார்கள், மறைக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால் 19-ஆம் நூற்றாண்டில் டப்ளின் பேராயர் டிரெஞ்ச், அகபாவோ இந்த இடத்தில் குளிர்ந்துபோன சொல், பேதுருவின் நெஞ்சு கொதித்துக்கொண்டிருக்கிறது, அதனால்தான் அவன் ஃபிலேயோ என்கிற சூடான சொல்லைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறான், கடைசியில் ஜெயிக்கிறான் என்றார். பின்னாளில் டர்ஹாம் பேராயரான வெஸ்ட்காட், அகபாவோதான் உயர்ந்தது, பேதுரு தாழ்மையாகச் சின்னச் சொல்லைத் தேர்ந்துகொண்டான் என்றார். இருவரும் கிரேக்கத்தில் கரைகண்டவர்கள். ஒருவருக்கு எது மேல்படியோ அது மற்றவருக்குக் கீழ்ப்படி.

என் ஆதங்கம் உண்மையில் இலக்கணத்தைப் பற்றியது அல்ல. இந்த ஏணியால் அடிவாங்கியது நட்பு. "அது வெறும் ஃபிலியா" என்று சொல்லிச் சொல்லி, சபைக்குள் நட்பு என்றால் ஏதோ உலகத்து விஷயம், பாவமில்லை ஆனால் பெரிய மதிப்பும் இல்லை என்றாக்கிவிட்டோம். யோவான் 15:13-ஐ மெதுவாக வாசியுங்கள்: "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை." அங்கே அன்பு அகாபே, சிநேகிதர் ஃபிலோய். இயேசுவே சொல்லுகிற உச்சபட்ச அகாபே நண்பர்களுக்காகச் சாவது. அதே மூச்சில் சீஷரைப் பார்த்து, இனி நீங்கள் ஊழியக்காரர் இல்லை, சிநேகிதர் என்கிறார். அது பதவி இறக்கமா? ஊரார் அவரைத் திட்டுவதற்கு எடுத்த பட்டம்கூட "ஆயக்காரருக்கும் பாவிகளுக்கும் சிநேகிதன்" என்பதுதானே.

ஃபில் குடும்பம் என்று சொன்னேனே. ரோமர் 12-இல் 9-ஆம் வசனத்திலிருந்து 13 வரை வாசித்தால் அந்தக் குடும்பத்தில் மூன்று பேரை ஒரே இடத்தில் சந்திக்கலாம். உங்கள் அன்பு மாயமற்றதாயிருப்பதாக, இது அகாபே. அடுத்த வசனத்தில் "சகோதர சிநேகத்திலே ஒருவர்மேலொருவர் பட்சமாயிருங்கள்": சகோதர சிநேகம் ஃபிலடெல்ஃபியா, பட்சமாயிருப்பது ஃபிலோஸ்டோர்கோஸ், அதற்குள்ளே நம் ஸ்டோர்கே ஃபிலியாவோடு கைகோர்த்துக்கொண்டு நிற்கிறது. 13-இல் அந்நியரை உபசரிக்க நாடுங்கள், அது ஃபிலோக்சேனியா, அந்நியன்மேல் நட்பு. பவுலுக்கு இவையெல்லாம் ஒரே பந்தியில் உட்காருகிற சொந்தங்கள், ஒன்றை எழுப்பிவிட்டு இன்னொன்றை உட்காரவைக்கவில்லை.

ஃபிலடெல்ஃபியாவைப் பற்றி ஒரு விஷயம். அந்தக் காலக் கிரேக்கத்தில் அது பொதுவாகக் கூடப்பிறந்தவர்களுக்கு இடையிலான பாசம். அந்தப் பெயரில் ஆசியாவில் ஒரு பட்டணம் இருந்தது, வெளிப்படுத்தலில் ஏழு சபைகளில் ஒன்றாக வருகிறதே, அது தன் அண்ணன் யூமெனஸுக்கு விசுவாசமாக இருந்ததற்காக ஃபிலடெல்ஃபஸ் என்று பெயர்பெற்ற பெர்கமு ராஜா இரண்டாம் அட்டாலஸின் பெயரால் வந்தது. இன்றைக்கு துருக்கியில் அலாஷெஹிர். எகிப்தின் இரண்டாம் தாலமிக்கும் இதே பட்டம் உண்டு, அவர் கூடப்பிறந்த அக்காவையே கட்டிக்கொண்டவர், அந்தச் சகோதர சிநேகத்துக்குள் நாம் போக வேண்டாம். அப்படி ரத்த உறவுக்கு இருந்த சொல்லை எடுத்து, கொரிந்துத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற அடிமைக்கும் அவன் எஜமானுக்கும் இடையில் கொண்டுவந்து வைத்தார்களே, அதுதான் ஆச்சரியம். இன்றைக்கும் எங்கள் சபைகளில் முன்பின் தெரியாதவரை "வாங்க பிரதர்" என்கிறோம், அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபிலாந்த்ரோபியா, மனிதர்மேல் நட்பு. தீத்து 3:4-ல் அது தேவனுக்கே சொல்லப்படுகிறது, "மனுஷர்மேலுள்ள அன்பு" என்று. இன்னொரு இடம் அப்போஸ்தலர் 28:2. கப்பல் உடைந்து 276 பேர் மெலித்தா தீவில், இன்றைய மால்டாவில், நனைந்து நடுங்கிக் கரையேறுகிறார்கள். கைதிகள், சேவகர், மாலுமிகள், நடுவில் பவுல். "அந்நியராகிய அந்தத் தீவார் எங்களுக்குப் பாராட்டின அன்பு கொஞ்சமல்ல." கிரேக்கத்தில் அந்தத் தீவாரைக் குறிக்கிற சொல் பார்பரோய், அதாவது கிரேக்கம் பேசத் தெரியாத ஜனங்கள். சுவிசேஷம் கேட்டவர்கள் இல்லை, இரட்சிக்கப்பட்டவர்கள் இல்லை. மழையில் நெருப்பு மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். கடவுளுக்குச் சொன்ன அதே சொல்லை லூக்கா அவர்களுக்குச் சொல்லுகிறார். மனுஷ அன்பு குறையுள்ளது, தேவ அன்பு மட்டுமே அன்பு என்று பிரிக்கிற பிரசங்கத்தில் இந்தத் தீவு ஜனங்களை எங்கே உட்காரவைப்பது?

ஈரோஸுக்கும் ஒரு வார்த்தை. புதிய ஏற்பாட்டில் இல்லை என்றதும் அது தடைசெய்யப்பட்ட சொல் என்று முடிவுகட்ட வேண்டாம். 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் பேராயர் இக்னேஷியஸை மிருகங்களுக்குப் போடுவதற்காக ரோமாபுரிக்குக் காவலோடு கொண்டுபோனார்கள். வழியிலிருந்து ரோம சபைக்கு எழுதிய கடிதத்தில், தயவுசெய்து என்னைக் காப்பாற்ற முயற்சி செய்யாதீர்கள் என்று கெஞ்சிவிட்டு, "என் ஈரோஸ் சிலுவையில் அறையப்பட்டிருக்கிறது" என்கிறார். உலக ஆசையைச் சொல்கிறாரா, இயேசுவைத் தன் காதல் என்கிறாரா என்று இன்றுவரை வாதிடுகிறார்கள், முன்னும் பின்னும் வாசித்தால் ஆசையைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 3-ஆம் நூற்றாண்டில் ஓரிஜன் என்ற இறையியலாளர் அது இயேசுவைத்தான் குறிக்கிறது என்று எடுத்துக்கொண்டு, வேதாகமத்தின் காதல் பாட்டான உன்னதப்பாட்டுக்கு எழுதிய உரையின் முன்னுரையில் அதைச் சாட்சிக்கு வைக்கிறார். அடுத்த நூற்றாண்டில் நிசாவின் கிரிகோரி என்ற பேராயர், உச்சமாய் மூண்டெரிகிற அகாபேக்குத்தான் ஈரோஸ் என்று பேர் என்றே சொல்லிவிட்டார். 2005 கிறிஸ்துமஸ் தேதியிட்டு போப் பதினாறாம் பெனடிக்ட் எழுதிய முதல் சுற்றுமடலும் இந்த இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று முழுசாகப் பிரிக்க முடியாது என்று வாதிடுகிறது. நான் புராட்டஸ்டண்ட் வீட்டுப் பிள்ளைதான், இருந்தாலும் திருமணப் பிரசங்கத்துக்கு நீக்ரெனைவிட அது உதவும்.

அப்படியானால் அகாபேக்கு விசேஷமே இல்லையா என்று கேட்பீர்கள். 1 கொரிந்தியர் 13-க்கே வருவோம். கொரிந்து சபையில் கட்சி கட்டுகிறார்கள், ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுகிறார்கள், கர்த்தருடைய பந்தியில் வசதியானவன் முந்திச் சாப்பிட்டுவிட ஏழை பசியோடு நிற்கிறான், அந்நிய பாஷை பேசுகிறவன் பேசாதவனை மட்டமாகப் பார்க்கிறான். அகாபே என்ற சொல்லைக் கேட்டாலே "ஆ, நிபந்தனையற்ற தியாக அன்பு" என்று அவர்களுக்குப் புரியும் என்றால் பவுல் ஒரு வரியோடு நிறுத்தியிருக்கலாம். 4-ஆம் வசனத்திலிருந்து 7 வரை அவர் 15 வினைச்சொற்களைக் கொட்டுகிறார். தமிழில் அன்புக்குப் பொறாமையில்லை, இறுமாப்பாயிராது என்று சாந்தமாக ஒலிக்கிறது, ஆனால் பொறாமையும் இறுமாப்பும் அதே கடிதத்தில் முன் அதிகாரங்களில் பவுல் அவர்கள்மேல் சுமத்திய குற்றங்கள். அதாவது அது ஒரு கண்டனப் பட்டியல், நாம் அதைக் கல்யாணத்துக்கு வாசிக்கிறோம். அகாபே என்ற பழைய பொதுச் சொல்லுக்குள் சிலுவையையும் பொறுமையையும் பந்தியில் காத்திருப்பதையும் ஊற்றி நிறைத்தது பவுல் போன்றவர்களின் வாக்கியங்கள். அந்த வாக்கியங்களை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் எடுத்து வேன் முகப்பிலும் ஹாஸ்டல் போர்டிலும் எழுதிக்கொண்டால், அதற்குள் ஒன்றும் தானாக வந்து நிறையாது.

கிரேக்கமே தெரியாமல் இதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டும் என்றால் யோவானின் மூன்றாம் கடிதத்தை எடுங்கள். வேதாகமத்தின் மிகச் சின்னப் புத்தகங்களில் ஒன்று, ஒரு டீ ஆறுவதற்குள் வாசித்துவிடலாம். காயு என்கிற ஒருவருக்கு எழுதியது, அவரை "பிரியமான" என்று அழைக்கிறார், அகாபே வேர். அந்தக் காயு செய்த பெரிய காரியம், முன்பின் தெரியாத அந்நிய சகோதரரை அன்போடு உபசரித்ததுதான். நடுவில் தியோத்திரேப்பு என்று ஒரு ஆள், "முதன்மையாயிருக்க விரும்புகிற" தியோத்திரேப்பு. இதற்குக் கிரேக்கத்தில் ஒரே சொல், ஃபிலோப்ரோத்தேயுவோன். புதிய ஏற்பாட்டில் வேறு எங்கும் இல்லை, அவருக்கென்றே எழுதியது மாதிரி இருக்கிறது. சகோதரரைத் தானும் சேர்த்துக்கொள்ள மாட்டார், சேர்த்துக்கொள்ள நினைக்கிறவர்களையும் சபைக்கு வெளியே தள்ளுவார். கடிதம் முடிகிற இடத்தில் வாழ்த்து அனுப்புகிறவர்கள் யார்? சிநேகிதர். வாழ்த்தைப் பெறுகிறவர்களும் சிநேகிதர்தான், அதுவும் பேர் பேராக. சபை நிர்வாகத்துக்கான பாஸ்டரேட் கமிட்டித் தேர்தலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடிதத்தை யாராவது பாடமாக வைத்தால் தேவலை. 9-ஆம் வசனத்தை மட்டும் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லலாம்.